ஆள், பிரசை: உரிமை வாசகம் பற்றி ஒரு விமரிசனம்

விமரிசனம் என்றதும் கவிதையையும் நாவலையும் சிறுகதையையும் நினைப்பதே எம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின் மனித வாழ்வை உருவாக்குகின்ற எந்த எழுத்தும் விமரிசனத்துக்கு உரியதே. கடந்த முக்கால் நூற்றாண்டில் ஈழத்துத் தமிழ் பேசும் மக்களின் வாழ்வை ஆழமாகத் தொட்ட எழுத்து யாது என வினவின், அது எந்தப் படைப்பாளியின் நூலும் அன்று. சட்டப் புத்தகமே என விடை கூற வேண்டியிருக்கும். அப்புத்தகத்தை நாம் சட்டத்தரணிகளிடம் விட்டுவிட்டோம். சொல்லாராய்ச்சியில் வல்ல தமிழ் மாணவர்கள், தம்மையே பொருளாகக் கொண்டு எழுதப்பட்ட அவ்வாசகங்களைச் சொல் சொல்லாக நோக்க முயலவில்லை. இக்கட்டுரை அம்முயற்சியின் ஒரு சிறு தொடக்கமாகும். இதற்கு நிலைக்களமாகத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி கொள்ளப்படுகின்றது.

திருகோணமலையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. துறைமுகம் என்பது இயல்பாகவே அந்நியர் வந்து தங்கும் இடம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராகக் கோட்டையைப் பிடித்தவர்களை வரலாறு பெயர் கூறிப் பதிவு செய்துள்ளது. கப்பல் பழுது பார்க்கவும் நிலக்கரி சுமக்கவும் எண்ணெய்த் தாங்கிகள் எழுப்பவும் வந்தவர்களையோ தொகையாக மட்டுமே அது அறியும். பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளர் பலர் இங்கு வேலை செய்தனர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் பெருந்தொகையினராக வாழும் இம்மாவட்டத்தில் எந்த ஓர் இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே இங்கு வாழும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவில் சிறுபான்மையினரே. சிறுபான்மையாக இருத்தல் என்றால் என்ன என்பதைக் கற்பதற்கு இதனினும் பொருத்தமான ஊர் இலங்கையில் அரிது.

முதலில் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நோக்குவோம். அச்சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல் இல்லை. 'இந்தியர்' என்று எவரும் விலக்கப்படவில்லை. அது கேட்டது ஒன்றே: குறித்த நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். மேலோட்டமாக வாசிப்போருக்கு இதில் ஓரவஞ்சனை எதுவும் தோன்றாது. ஆயின் தோட்டத்து லயத்திலோ துறைமுகத்துக் குடிசையிலோ பிறந்த ஒருவர் தம் பூட்டனின் பிறப்பை எந்தத் தாளைக் கொண்டு நிறுவுவார்? தாள் வைத்திருப்போர், தாள் இல்லாதோர் என்ற பிரிவே இங்கு இனப் பிரிவின் வேலையைச் செய்தது. வாசகம் நடுநிலையானது, அதன் விளைவோ ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டத்தின் மொழிநடையிலுள்ள முதலாவது உத்தி இதுவேயாகும்.

அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பதிவின் மூலம் பிரசையாவதற்கு ஒரு வழியைத் திறந்தது. 1946 சனவரி 1 க்கு முன்னர், திருமணமானோர் ஏழு ஆண்டுகளும் ஏனையோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்றது அது. ஏறத்தாழ எட்டு இலட்சத்து இருபத்தையாயிரம் பேரின் பொருட்டு விண்ணப்பிக்கப்பட்டது. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேரே. 'இடையறாது' என்ற ஒரு சொல் எத்தனை பேரைத் தள்ளியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும். தாயின் மரணச் சடங்குக்கென இராமநாதபுரம் சென்று திரும்பிய பயணமும் அச்சொல்லின் கீழ் விசாரணைக்கு உரியதாகியது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947 ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் இச்சட்டங்களால் உரிமை இழந்தோருள் ஒருவர். சட்டம் இயற்றும் சபையில் அமர்ந்தவரே அச்சபையின் சட்டத்தால் அந்நியராக்கப்பட்டார்.

சோல்பரி அரசியல் யாப்பின் 29 ஆம் பிரிவு, எந்தச் சமூகத்தவரையும் பிற சமூகத்தவருக்கில்லாத இடர்ப்பாட்டுக்கு உள்ளாக்கும் சட்டம் செல்லாது எனக் கூறியிருந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு தொடுக்கப்பட்ட கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953 இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. பிரசையாவதற்கான தகைமையை வகுப்பது அரசொன்றின் இயல்பான அதிகாரம். அது ஒரு சமூகத்தைக் குறித்த சட்டம் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் போக்கு. அதாவது நீதிமன்றம் வாசகத்தை வாசித்தது, வாழ்க்கையை வாசிக்கவில்லை. இலக்கியத்தில் உருவத்தை மட்டும் கண்டு உள்ளடக்கத்தைக் காணாத விமரிசகனை நாம் கண்டிப்பதுண்டு. அக்கண்டனம் இங்கும் பொருந்தும்.

இச்சட்டத்தைப் பற்றி எழுதியோர் பலரும் தவறவிட்ட ஒன்றையும் இங்கு சுட்டல் வேண்டும். தந்தை, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் என நீளும் அவ்வரிசையில் தாய் எங்கும் இல்லை. இலங்கைப் பிரசையான ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தன் வழியாகப் பிரசாவுரிமையை வழங்கும் நிலை 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே முழுமையாக ஏற்பட்டது. இனத்தின் பேரால் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்ட எமது கண்கள் அதே வரியில் இருந்த மற்றோர் அநீதியை அரை நூற்றாண்டாகக் காணாதிருந்தன.

இனி 1978 செப்டெம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்புக்கு வருவோம். அதன் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுவது. அவ்வத்தியாயத்தைத் தமிழில் வாசிப்போர் இரு சொற்கள் மாறி மாறி வருவதைக் காண்பர். ஒன்று 'ஆள்', மற்றையது 'பிரசை'. சித்திரவதைக்கு உட்படாதிருக்கும் உரிமை ஆளுக்கு உரியது. சட்டத்தின் முன் சமமாதலும் ஆளுக்கு உரியதே. ஆயின் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்பவற்றின் காரணமாக ஓரங்காட்டப்படாதிருக்கும் உரிமை பிரசைக்கே உரியது. பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் அமைத்தல், தன் மொழியையும் பண்பாட்டையும் பேணுதல், நாட்டினுள் விரும்பிய இடத்தில் வசித்தல் ஆகியன யாவும் பிரசைக்கே உரியன.

'ஓரம்' என்பது தமிழில் மிகப் பழைய சொல். வழக்கில் நடுநிலை தவறி ஒரு பக்கம் சாய்ந்து கூறுவதை 'ஓரம் சொல்லுதல்' என எம் முன்னோர் வழங்கினர். அப்பழிக்கு உரியவன் தீர்ப்புக் கூறுபவனே. அவன் முன் நிற்பவன் யார், எந்த ஊரான் என்ற வினா அங்கு எழவில்லை. பாரபட்சத்தைக் குறிக்கச் சட்டத் தமிழ் 'ஓரங்காட்டல்' என்னும் வழக்கைக் கையாண்டமை பாராட்டுக்குரியது. ஆனால் பழைய சொல்லை எடுத்தவர்கள் அதன் அறத்தைப் பாதியாகவே எடுத்தனர். ஓரஞ் செய்வது தவறு எனின் அது எவருக்குச் செய்தாலும் தவறே. பிரசைக்குச் செய்தால் மட்டும் தவறு என்பது, தவற்றின் அளவைச் செய்பவனிடமிருந்து நீக்கிப் படுபவனின் அடையாள அட்டையில் வைப்பதாகும்.

அத்தியாயத்தின் இவ்விரு சொற்களுக்கும் இடையில் நிற்பது 14 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி. வேறெந்த நாட்டினதும் பிரசையாக இல்லாது, யாப்பு வரும் முன்னரே நிரந்தரமாகவும் சட்டமுறையாகவும் இலங்கையில் வசித்து வந்த ஆளுக்கு, பேச்சு முதலான அவ்வுரிமைகள் பத்தாண்டு காலத்துக்கு உண்டு என்கிறது அது. நாடற்ற மலையகத் தமிழரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வாசகம் இது. அவர்களுக்கு முன்னைய யாப்புத் தராத ஒன்றை இது தந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் பத்தாண்டு கழிந்தபின் பேச்சுரிமை என்னவாகும்? சொத்தைக் குத்தகைக்கு விடுவதுபோல நாவையும் குத்தகைக்கு விடலாம் என்னும் எண்ணம் இதனுள் உறைகின்றது.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் இவ்வாறே மக்களைத் தொகையாகக் கண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என முதலிலும், எஞ்சிய 1,50,000 பேர் பப்பாதியாக 1974 இலும் பங்கிடப்பட்டனர். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் பெருமளவு தீர்த்தன. சட்டத்தின் வழியே ஏற்பட்ட கேடு சட்டத்தின் வழியே தீர்க்கப்படவும் கூடும் என்பதற்கு அவை சான்று. ஆனால் இடையிற் கழிந்தவை நாற்பது, ஐம்பது ஆண்டுகள். ஒரு மனிதனின் உழைப்புக் காலம் முழுவதும் அதனுள் அடங்கிவிடும்.

இதுவரை கூறியது வாசகம் பற்றியது. இனி அது அன்றாட வாழ்வில் எங்கு முறிகின்றது எனக் காண்போம். 12 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தன் மதத்தின் வழிபாட்டிடம் என்பவற்றில் எந்த ஆளையும் தடுத்தல் ஆகாது என்கிறது. தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்கும் போராடிய சாதியொழிப்பு இயக்கங்களையும், 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தையும் அறிந்தோர் இப்பட்டியலின் வேரை எளிதில் உணர்வர். ஆயின் இரு குறைகள் உள. வாடகை வீடும் வாடகை அறையும் இப்பட்டியலில் இல்லை. அன்றியும், அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நாடும் வழி நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு மட்டுமே உண்டு. கடைக்காரனும் வீட்டுக்காரனும் அரசு அலுவலர் அல்லர். உரிமை பட்டியலில் இருக்கின்றது. அதை மீறுவோனைக் கொண்டு போய் நிறுத்தும் வாயில் அங்கு இல்லை.

அரசு அலுவலர் இழைத்த மீறலாயினும் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும், மன்றம் கொழும்பில். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ இருநூறு கிலோமீற்றருக்கு மேற் சென்று, பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு நடைமுறைக்குள் நுழைய வேண்டும். மீனவன் ஒருவனுக்கு அம்மாதம் பிணையாளைத் தேடுவதிலேயே கழிந்துவிடும். தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. அதன் பின்னரும் பொலிஸ் நிலையத்திற் சிங்களத்தில் எழுதப்பட்ட தன் வாக்குமூலத்துக்கே வாசிக்க மாட்டாது கையொப்பமிடும் நிலை தமிழ் பேசுவோருக்குத் தொடர்ந்தது. பொலிஸ் நிலையங்களில் தமிழ் பேசும் அலுவலர் வேண்டும் என 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை தேவைப்பட்டமையே நிலைமைக்குச் சான்றாகும்.

மூன்று ஆண்டுகளுக்கென 1979 இற் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவைக்கும் உச்சக் காலத்தைப் பதினெட்டு மாதங்களினின்றும் பன்னிரண்டாகக் குறைத்ததேயன்றிச் சட்டத்தை நீக்கவில்லை. 'தற்காலிகம்' என்னும் சொல் எமது சட்ட வழக்கிற் பெற்றுள்ள பொருள்மாற்றம் தனியே ஆராயத்தக்கது. நாடற்றவனின் பேச்சுரிமை தற்காலிகமாகவே இருந்து மறைந்தது; ஆளைத் தடுத்துவைக்கும் அதிகாரமோ தற்காலிகமாகப் பிறந்து நிலைபெற்றது.

பிரசாவுரிமை பெற்றோருக்காவது வாசகம் முழுமையாகக் கைகொடுத்ததா? 2006 சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குற்றஞ் சாட்டப்பட்ட படையினர் 2019 யூலையில் சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டனர். 2007 மே மாதத்தில் சம்பூரும் அயற்கிராமங்களும் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டன; மக்கள் மீளக் குடியமரும் வழி 2015 இலேயே திறந்தது. 2007 யூன் 7 அன்று கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். நீதிமன்றத்தின் விரைவு போற்றத்தக்கது. ஆயினும் ஏற்றியவர்கள் அவர்களிடம் கேட்டது என்ன என்பதை மறத்தலாகாது. கொழும்பில் தங்குவதற்குத் 'தகுந்த காரணம்' உண்டா என்பதே அக்கேள்வி. நாட்டினுள் விரும்பிய இடத்தில் வசிக்கும் பிரசைக்குக் காரணம் வேண்டியதில்லை. காரணம் கூற வேண்டியவன் விருந்தாளி. அன்று அவர்கள் சொந்த நாட்டின் தலைநகரில் வெளிநாட்டவர் ஆனார்கள்.

இங்கு நிறுத்தியிருப்பின் கட்டுரை எமக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் விமரிசனம் பிறரை நோக்கிய சுட்டுவிரல் மட்டும் ஆகாது. இக்கட்டுரையாளர் மாணவப் பருவத்தில் முஸ்லிம் நண்பர் ஒருவருடன் நகரில் அறை தேடி அலைந்ததுண்டு. ஒரு தமிழ் வீட்டில் அறை காட்டப்பட்டது, வாடகை பேசப்பட்டது, கிணற்றடியும் காட்டப்பட்டது. ஈற்றில் அம்மையார், "தம்பி, உங்கட பேர் என்ன?" என்று நண்பரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும், "மருமகன் வாறதெண்டு சொன்னவர், மறந்துபோனன்" என்றார். குரலில் பகைமை இருக்கவில்லை. தண்ணீர் தந்தே அனுப்பினார். நண்பர் படலையைச் சாத்திவிட்டு, "இது எனக்கு நாலாவது மருமகன்" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மையாரை எதிர்த்து ஒரு சொல்லும் நான் கூறவில்லை என்பதே இன்றளவும் உறுத்துவது.

2018 ஏப்ரலில் திருகோணமலையின் இந்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அவ்விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவரை சென்றது. 2022 வரையும் முற்றாக அடங்கவில்லை. பாடசாலையின் மரபைப் பேணுகிறோம் என்பது எதிர்த்தோரின் வாதம். அவ்வாதத்தைச் செவிமடுத்தே ஆக வேண்டும். ஏனெனில் பலமுறை மரபு பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் அச்சம் அதனுள் உண்டு. ஆனால் அரச ஊதியம் பெறும் ஆசிரியை எந்த உடையிற் கற்பிக்கலாம் என்பதை அவ்வூரின் தொகை தீர்மானிக்கலாமெனின், எமது மொழி எந்த அலுவலகத்தில் வழங்கலாம் என்பதையும் நாட்டின் தொகை தீர்மானிக்கலாம் என்றாகிவிடும். 1956 ஆம் ஆண்டு நாம் மறுத்த தர்க்கம் அதுவே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எழுதாது இருந்த பேனாக்கள் எத்தனை என்பதையும் எமது இலக்கிய வரலாறு ஒருநாள் கணக்கிட்டே ஆக வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் நோக்குவோம். 2006 ஆம் ஆண்டுப் போரிற் திருகோணமலையிலிருந்து படகேறி இராமேசுவரக் கரை சேர்ந்தோர் பலர். அங்கு அவர்களை எதிர்கொண்ட இந்திய அரசியல் யாப்பிலும் இதே இரு சொற்கள் உள. சமத்துவமும் உயிரும் ஆளுக்கு உரியன; பேச்சும் வதிவும் குடிமகனுக்கு உரியன. முகாமுக்கு வெளியே தங்குவதற்கும் அனுமதி வேண்டும். தமிழக அரசு 2021 இல் அம்முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டத் தொடங்கியது. ஆயினும் 2019 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளையே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. அதே மொழி பேசுவோர் நடுவில் வாழ்ந்தும் அவர்கள் அயலார். மொழியுறவு உணர்ச்சியாக இருக்கும் அளவுக்கு உரிமையாக மாறுவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

ஆகவே தமிழ் மாணவர்முன் இரு பணிகள் உள. சட்ட வாசகங்களைத் தமிழிலேயே வாசித்து, 'பிரசை' என வருமிடத்தில் 'ஆள்' என வைப்பின் எவர் இழப்பர், எவர் பெறுவர் எனக் கேட்டல் ஒன்று. மற்றையது புனைகதை பற்றியது. எமது எழுத்தாளர் பெருங்கொடுமைகளை எழுதியுள்ளனர், அது தேவையானதே. ஆனால் படலையடியில் பெயர் கேட்கும் கணத்தை, நிரப்பத் தெரியாத படிவத்தின் முன் நிற்கும் முதியவளை, தம்மவரின் சிறுமையைக் கண்டும் பேசாதிருந்த படித்தவனை எழுதியது குறைவு. எரிந்த வீட்டை எவரும் காண்பர். வாடகைக்குக் கிடைக்காத அறையைக் காண்பதற்கு எழுத்தாளன் வேண்டும்.

உரிமை என்பது எமக்கு மறுக்கப்பட்டபோது நாம் கற்றுக்கொண்ட சொல். பிறர் எம்மிடம் அதைக் கேட்கும்போது நாம் கூறும் விடையில்தான் அதைச் சரியாகக் கற்றோமா என்பது தெரியவரும்.